கடைக் கணினியில் மென்பொருள் ஓடுமா? ஒத்தியங்கு சோதனைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் உள்ள ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் மென்பொருள் தனியாக வேலை செய்வதில்லை. விண்டோஸ் கணினி, ரசீது அடிக்கும் தெர்மல் பிரின்டர், பார்கோடு ஸ்கேனர், மாடியில் கணக்காளர் வைத்திருக்கும் டாலி என்னும் கணக்கு மென்பொருள், ஜி.எஸ்.டி. இணையதளம், முதலாளியின் ஆண்ட்ராய்டு கைப்பேசி என்று அத்தனையோடும் அது ஒரே கூரையின் கீழ்க் குடித்தனம் நடத்த வேண்டியிருக்கிறது. தனியாகப் பார்க்கும்போது பிழையில்லாத மென்பொருள் இந்தச் சேர்க்கையில் எங்கே இடறும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கும் வேலைதான், அலுவலகங்களில் கம்பாட்டிபிலிட்டி டெஸ்டிங் எனப்படும் ஒத்தியங்கு சோதனை. ராயபுரம், தண்டையார்பேட்டை, மண்ணடி, பெரம்பூர் பகுதிக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதும் ஒரு சிறு நிறுவனம், இரண்டு மூன்று சோதனையாளர்களையும் அளவான செலவையும் வைத்துக்கொண்டு இந்த வேலையை எப்படி ஒழுங்காகச் செய்யலாம் என்பதை இந்த வழிகாட்டி படிப்படியாக விளக்குகிறது.

மென்பொருளின் தரத்தை வரையறுக்கும் ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 25010 தரநிலை, ஒத்தியங்குதலை இரண்டு கூறுகளாகப் பார்க்கிறது. ஒரே கணினியில் மற்ற மென்பொருள்களுக்கு இடைஞ்சல் தராமல் சேர்ந்து இருப்பது ஒன்று. பிற மென்பொருள்களோடு தகவலைக் கொடுத்து வாங்கி, வாங்கியதைச் சரியாகப் பயன்படுத்துவது மற்றொன்று. வேறு விண்டோஸ் பதிப்பிலோ வேறு வன்பொருளிலோ நிறுவி ஓடச் செய்வதை அந்தத் தரநிலை தனித் தலைப்பின் கீழ் வைக்கிறது. கடைக்காரருக்கு இந்தப் பாகுபாட்டால் பயன் எதுவும் இல்லை. ஆனால் சோதனைத் திட்டம் எழுதுகிறவருக்கு இது உதவும். ஏனென்றால் நான் பார்த்த வரையில், நிறுவி ஓடச் செய்வதை மட்டும் சோதித்துவிட்டு முதல் இரண்டையும் மறந்துவிடும் குழுக்களே அதிகம்.

முதல் படி: கடையில் உண்மையில் என்ன இருக்கிறது என்று நேரில் பார்த்தல்

சோதனைப் பட்டியலை அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதக் கூடாது. கடைக்குப் போய், பில் போடும் கணினியின் முன்னால் நின்று எழுத வேண்டும். "விண்டோஸ் 10தான்" என்று போனில் சொல்லப்பட்ட கணினி, நேரில் பார்த்தால் 4 ஜி.பி. நினைவகமுள்ள, 32 பிட் விண்டோஸ் 7 ஓடும் பழைய அசெம்பிள்ட் சிஸ்டமாக இருக்கலாம். விண்டோஸ் பதிப்பும் பில்டு எண்ணும், 32 பிட்டா 64 பிட்டா என்பது, திரையின் அளவு, திரை உருப்பெருக்கம் 100 சதவீதமா 125 சதவீதமா என்பது, நாடு மற்றும் தேதி அமைப்பு, நிறுவப்பட்டுள்ள தமிழ்த் தட்டச்சு மென்பொருள், பயனர் கணக்குக்கு நிர்வாகி உரிமை உண்டா என்பது, ஆன்டிவைரஸ், பிரின்டரின் மாடலும் காகித அகலமும், ஸ்கேனர் ஒவ்வொரு கோடுக்குப் பின்னும் என்டர் அனுப்புகிறதா டேப் அனுப்புகிறதா என்பது ஆகிய அனைத்தும் குறித்துக்கொள்ள வேண்டியவை. முதலாளியின் கைப்பேசியில் ஆண்ட்ராய்டு பதிப்பு எண்ணையும் பார்த்துவிட வேண்டும்.

இந்தக் கணக்கெடுப்பில் கிடைக்கும் பழைய பதிப்புகளை வெளியீட்டாளரின் ஆதரவுக் காலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். விண்டோஸ் 7க்கான நீட்டிக்கப்பட்ட ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்தன. விண்டோஸ் 7இல் ஓடும் கடைசி குரோம் பதிப்பு 109. எனவே உங்கள் மென்பொருளின் அறிக்கைப் பக்கங்கள் குரோம் பிரௌசரில் திறப்பவையாக இருந்தால், அந்தக் கணினியில் அவை 109இலேயே ஓடியாக வேண்டும். பல விண்டோஸ் மென்பொருள்கள் ஓடுவதற்குத் தேவையான டாட்நெட் ஃபிரேம்வொர்க்கிலும் இதே நிலைதான்: 4.8 பதிப்பு விண்டோஸ் 7 சர்வீஸ் பேக் 1இல் நிறுவப்படும், 4.8.1 நிறுவப்படாது. மென்பொருளாளர் தன் கணினியில் ஒரு நூலகத்தைப் புதுப்பிக்கும் சிறிய செயலே எத்தனை கடைகளை வெளியே தள்ளும் என்பது இந்தப் பட்டியல் கையில் இருந்தால்தான் தெரியும்.

இரண்டாம் படி: சேர்க்கைகளைக் குறைத்தல்

நான்கு வகை விண்டோஸ், மூன்று பிரின்டர், மூன்று ஸ்கேனர், இரண்டு மொழி அமைப்பு, இரண்டு நெட்வொர்க் நிலை என்று வைத்துக்கொண்டால் மொத்தச் சேர்க்கைகள் 144 ஆகும். ஒவ்வொன்றுக்கும் முழுச் சோதனை செய்ய எந்தச் சிறு நிறுவனத்துக்கும் நேரம் கிடையாது. இணைச் சேர்க்கை முறையில், எந்த இரண்டு காரணிகளை எடுத்தாலும் அவற்றின் ஒவ்வொரு மதிப்பும் மற்றதன் ஒவ்வொரு மதிப்போடும் ஒரு முறையாவது சந்திக்கும்படி வரிசைகளை அமைத்தால் போதும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் இது 12 வரிசைக்குக் கீழே போகாது. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பிக்ட் போன்ற கருவிகள் அந்த எண்ணை ஒட்டியே விடை தரும்.

ஆனால் கருவி தரும் பட்டியலை அப்படியே ஏற்கக் கூடாது. மிக அதிகமான கடைகளில் இருக்கும் சேர்க்கையை அது தனியாக அறியாது. அதை நீங்கள்தான் கையால் சேர்க்க வேண்டும். நடைமுறையில் இருக்கவே முடியாத சேர்க்கைகளை நீக்குவதும் உங்கள் வேலைதான்.

மூன்றாம் படி: சோதனைக் கூடம் அமைத்தல்

விண்டோஸ் பதிப்புகளுக்கு மெய்நிகர் கணினிகளே, அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகளே போதுமானவை. வர்ச்சுவல்பாக்ஸ் அல்லது ஹைப்பர்-வி மென்பொருளில் ஒவ்வொரு பதிப்பையும் நிறுவி, எதுவும் சேர்க்காத சுத்தமான நிலையில் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நிலையின் நகல்) எடுத்து வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சோதனையையும் அதே தொடக்கத்திலிருந்து நடத்தலாம். மென்பொருளாளரின் சொந்தக் கணினியில் செய்த நிறுவல் சோதனையை நான் சோதனையாகவே கணக்கில் கொள்வதில்லை. அங்கே தேவையான எல்லாக் கோப்புகளும் ஏற்கெனவே இருப்பதால் எதுவும் விடுபட்டது தெரியாது.

பிரின்டர், ஸ்கேனர், எடைத் தராசு, கைப்பேசி ஆகியவற்றுக்கு மெய்நிகர் மாற்றை மட்டும் நம்ப முடியாது. கடைகளில் அதிகம் காணப்படும் மாடல்களில் ஒவ்வொன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி மேசையில் வைத்துவிடுவதே மலிவான வழி. தராசை இணைக்கும் யு.எஸ்.பி.-சீரியல் கேபிளில் உள்ள சிப் போலியாக இருந்தால், புதிய விண்டோஸ் டிரைவர் அதை ஏற்க மறுப்பதுண்டு. ஆகவே நல்ல கேபிள் ஒன்றோடு கடைகளில் புழங்கும் மலிவான கேபிள் ஒன்றும் கூடத்தில் இருக்கட்டும்.

நான்காம் படி: திரையை அல்ல, வேலையைச் சோதித்தல்

ஒவ்வொரு சூழலிலும் எல்லாத் திரைகளையும் திறந்து மூடுவது நேரத்தை விழுங்குமே தவிர அதிகம் காட்டாது. அதற்குப் பதிலாக, காலையில் கடை திறந்து கணக்கைத் தொடங்குவது முதல் இரவு கல்லாவை முடிப்பது வரையிலான ஒரு முழு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கு வரவு வைத்து, லேபிள் அடித்து, அந்த லேபிளையே ஸ்கேன் செய்து பில் போட்டு, ஒரு பொருளைத் திரும்ப எடுத்து, நாள் முடிவு அறிக்கையை எக்செலுக்கும் டாலிக்கும் அனுப்பும் இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் வேறொரு மென்பொருளையோ கருவியையோ தொடுகிறது. பிழைகள் பெரும்பாலும் அந்தத் தொடும் இடங்களில்தான் இருக்கின்றன.

இதே சங்கிலியை, நிர்வாகி உரிமை இல்லாத இரண்டு வெவ்வேறு விண்டோஸ் கணக்குகளில் ஓட்டிப் பாருங்கள். பழைய பாணியில் எழுதப்பட்ட 32 பிட் மென்பொருள் தன் தரவுக் கோப்பை நிரல்கள் இருக்கும் அடைவிலேயே எழுத முயன்றால், விண்டோஸ் பிழை காட்டாமல் அந்தக் கோப்பை அந்தந்தப் பயனரின் தனி அடைவுக்குத் திருப்பிவிடும். காலை கேஷியர் போட்ட பில்கள் மாலை கேஷியரின் திரையில் இல்லாமல் போவதற்கு இது ஒன்றே போதும். வைரஸ் என்றும் ஹார்ட் டிஸ்க் பழுது என்றும் கடையில் பேசிக்கொள்ளப்படும் புகார்களில் இதையும் ஒரு முறை சரிபார்த்துவிடுவது நல்லது.

ஐந்தாம் படி: தமிழ் எழுத்துகளைச் சோதித்தல்

இந்தப் படிக்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஆங்கிலத்தில் நன்றாக ஓடும் மென்பொருள் தமிழில் உடையும் இடங்கள் பல, அவற்றில் சில கண்ணுக்கே தெரியாதவை.

முதலில் நீளம். "வண்ணாரப்பேட்டை" என்ற பெயரை நாம் 8 எழுத்தாக எண்ணுகிறோம். எழுத்துகளுக்கு எண் கொடுக்கக் கணினிகள் பொதுவாகப் பயன்படுத்தும் யூனிகோடு முறையில் அது 14 குறியீடுகள், யு.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுப்பதால் 42 பைட். முகவரிப் புலத்துக்கு 40 என்று அளவு வைத்தவர் எதை எண்ணி வைத்தார் என்பதைப் பொறுத்து, ஒரு தரவுத்தளம் இதை முழுமையாக ஏற்கும், மற்றொன்று கடைசி எழுத்தை நடுவில் வெட்டும். ஆகவே ஒவ்வொரு உரைப் புலத்திலும், தெருவும் பேட்டையும் சேர்ந்த நீளமான ஒரு உண்மை முகவரியை இட்டு, சேமித்து, திரும்ப எடுத்து ஒப்பிட வேண்டும்.

அடுத்து, ஒரே மாதிரி தெரியும் வேறு வேறு எழுத்துகள். "கோ" என்பதை, க என்னும் எழுத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்த்தும் எழுதலாம். ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஆனால் ஒரு கணினியில் முதல் முறையில் பதிவான "கோபால்" என்ற வாடிக்கையாளரை, இரண்டாம் முறையில் தட்டச்சு செய்யும் மற்றொரு கணினியிலிருந்து தேடினால் கிடைக்க மாட்டார். உள்ளிடும்போதும் தேடும்போதும் என்.எஃப்.சி. எனப்படும் யூனிகோடு சீராக்கத்தைச் செய்தால் இந்தச் சிக்கல் தீரும். கடைப் பெயர்களில் தவறாமல் வரும் "ஸ்ரீ" இந்த மருந்துக்குக் கட்டுப்படாது. அதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதுகிறார்கள், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதுகிறார்கள். சீராக்கம் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதில்லை. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்ட தரவில் "ர்" என்பதற்குப் பதிலாகக் காலும் புள்ளியும் சேர்ந்து நிற்பதையும் அது திருத்தாது. இவற்றுக்கு மென்பொருளிலேயே தனி மாற்று விதி எழுத வேண்டும், அந்த விதிக்குத் தனிச் சோதனையும் வேண்டும்.

அகர வரிசையும் கவனத்துக்குரியது. யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும், வகரம் ழகரத்துக்குப் பின்னும் இருப்பதால், குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் தரவுத்தளம் நம் நெடுங்கணக்குப்படி பெயர்களைத் தராது. கணினியில் ஒரு வரிசையும் கைப்பேசியில் வேறொரு வரிசையும் வந்தால், இரு இடங்களிலும் வேறு வரிசை விதிகள் ஓடுகின்றன என்று பொருள்.

எழுத்துருவைப் பொறுத்தவரை, மென்பொருளில் "லதா" என்று நேரடியாக எழுதிவைத்திருந்தால் கவனம் தேவை. விண்டோஸ் 7இல் கூடவே வந்த லதா, விண்டோஸ் 10இல் கூடுதலாகச் சேர்க்க வேண்டிய தமிழ் எழுத்துருத் தொகுப்புக்கு நகர்ந்துவிட்டது. இயல்பாக இருப்பது நிர்மலா யு.ஐ. இரண்டின் அகலமும் வேறுபடுவதால், மாற்று எழுத்துருவில் பொத்தானின் பெயர் பாதியில் வெட்டுப்படுவதும் அறிக்கையின் கட்டங்கள் இடம் மாறுவதும் நடக்கும்.

ஆறாம் படி: பிரின்டரும் ஸ்கேனரும்

தெர்மல் பிரின்டர்களில் 58 மி.மீ. காகிதத்துக்கு அச்சுப் பரப்பு 48 மி.மீ., 80 மி.மீ. காகிதத்துக்கு 72 மி.மீ. என்பதே வழக்கமான அளவு. ஒரு மி.மீட்டருக்கு 8 புள்ளிகள் என்ற கணக்கில் இவை 384, 576 புள்ளிகள் ஆகின்றன. 12 புள்ளி அகல எழுத்தில் வரிக்கு 32, 48 ஆங்கில எழுத்துகள் அமையும். 48 எழுத்துக்கு வடிவமைத்த ரசீது 58 மி.மீ. ரோலில் வரும்போது தொகை அடுத்த வரிக்கு இறங்கி, அளவும் விலையும் எது எதற்கு என்று தெரியாமல் போகும். இரு அகலங்களிலும், பெயர் நீளமான பொருள் ஒன்றையும் லட்சத்தைத் தாண்டும் தொகை ஒன்றையும் அச்சிட்டுப் பார்ப்பதே குறைந்தபட்சச் சோதனை.

எப்சன் உருவாக்கிய ஈ.எஸ்.சி./பி.ஓ.எஸ். கட்டளைகளைப் பின்பற்றுவதாகச் சொல்லும் பிரின்டர்கள் எல்லாம் ஒன்றுபோல் நடப்பதில்லை. தாள் வெட்டுவது, கல்லாப்பெட்டியைத் திறப்பது, கியூ.ஆர். கோடு வரைவது ஆகிய மூன்றிலும் மாடலுக்கு மாடல் வேறுபாடு உண்டு. அவற்றின் உள்ளே பதிந்திருக்கும் எழுத்துத் தொகுதிகளில் பொதுவாகத் தமிழ் கிடையாது. தமிழ் வரியைப் படமாக மாற்றி அனுப்ப வேண்டும். ரூபாய்க் குறியும் அதே வகைதான். 2010 ஜூலையில் அரசு ஏற்று, அதே ஆண்டு யூனிகோடு 6.0இல் இடம்பெற்ற அந்தக் குறி, பழைய பிரின்டரில் கேள்விக்குறியாக விழும். அதற்கு "ரூ." என்று போட்டுவிடுவது சிக்கலில்லாத தீர்வு என்பது என் கருத்து. தமிழ் வரியைப் படமாக அனுப்பும்போது அச்சு மெதுவாவதையும் அளந்து பாருங்கள். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் ஒரு பில்லுக்குச் சில விநாடி கூடினாலும் வரிசை வாசலைத் தாண்டும்.

ஸ்கேனர் கணினிக்குத் தன்னை ஒரு விசைப்பலகை என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறது. இதனால் வரும் ஒரு பிழையை அலுவலகத்தில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. கேஷியர் வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் அடித்துவிட்டு, தமிழ் 99 விசைப்பலகையை மாற்றாமலேயே புடவையின் லேபிளை ஸ்கேன் செய்தால், கோடில் உள்ள ஆங்கில எழுத்துகள் தமிழ் எழுத்துகளாக விழுந்து, "பொருள் இல்லை" என்று திரை சொல்லும். 890 என்று தொடங்கும் 13 இலக்கத் தொழிற்சாலை பார்கோடுகளில் எண்கள் மட்டுமே இருப்பதால் அவை சரியாக வரும். கடையே அடித்து ஒட்டும் லேபிள்கள் மட்டும் தவறும். சில பொருள் வருகிறது, சில பொருள் வரவில்லை என்ற புகார் வந்தால் முதலில் இதைப் பார்க்க வேண்டும். கேப்ஸ் லாக் விசை போட்ட நிலையிலும், தமிழ் விசைப்பலகை இயங்கும் நிலையிலும் ஸ்கேன் செய்து பார்ப்பது பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஏழாம் படி: பிற மென்பொருள்களோடு கொடுக்கல் வாங்கல்

எக்செலுக்கு அனுப்பும், காற்புள்ளிகளால் பிரித்து எழுதிய சி.எஸ்.வி. கோப்பை, மென்பொருளாளர் நோட்பேடில் திறந்து பார்த்துத் திருப்தி அடைவார். கணக்காளர் அதை இருமுறை கிளிக் செய்து எக்செலில் திறப்பார். யு.டி.எஃப்-8 கோப்பின் தொடக்கத்தில் பி.ஓ.எம். என்னும் அடையாளம் இல்லாவிட்டால், அங்கே தமிழ் முழுவதும் புரியாத ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியலாம். 13 இலக்க பார்கோடு, புள்ளி வைத்துச் சுருக்கிய எண்ணாகிவிடும். சுழியில் தொடங்கும் குறியீடு தன் சுழியை இழக்கும். தேதியையும் சோதியுங்கள்: கணினி அமெரிக்க ஆங்கில அமைப்பில் இருந்தால் 03/04 என்பது மார்ச் 4 ஆகிவிடும், 13/04 மட்டும் வெறும் எழுத்தாகவே நிற்கும். எனவே 12க்கு உட்பட்ட நாளும் 12க்கு மேற்பட்ட நாளும் சோதனைத் தரவில் இருக்க வேண்டும். தொகையை 1,00,000 என்று எழுதும் அமைப்பும் 100,000 என்று எழுதும் அமைப்பும் மாறி மாறிப் படிக்கப்படும்போது என்ன நடக்கிறது என்பதும் இதே வகைச் சோதனை.

டாலியோடு பேசுவதற்கு வழக்கமான வழி, அது இயல்பாகக் கேட்டுக்கொண்டிருக்கும் 9000ஆம் போர்ட்டுக்கு (கணினியின் நெட்வொர்க் வாசல் எண்) எக்ஸ்.எம்.எல். வடிவில் தகவல் அனுப்புவது. டாலி மூடியிருக்கும்போது, தவறான நிறுவனம் திறந்திருக்கும்போது, அந்தப் போர்ட்டை வேறு மென்பொருள் பிடித்திருக்கும்போது, ஒரே வவுச்சர் இரண்டு முறை போகும்போது உங்கள் மென்பொருள் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். மின் விலைப்பட்டியல் கட்டாயமாக உள்ள மொத்த வியாபாரிகளுக்கு, ஜி.எஸ்.டி. சோதனைத் தளத்தில் விலைப்பட்டியல் விவரங்கள் அடங்கிய ஜே.எஸ்.ஓ.என். கோப்பை அனுப்பி, திரும்பி வரும் 64 எழுத்து ஐ.ஆர்.என். என்னும் விலைப்பட்டியல் அடையாள எண் தரவுத்தளத்தில் முழுமையாகச் சேமிக்கப்படுகிறதா, கையொப்பமிட்ட கியூ.ஆர். கோடு அச்சிட்ட தாளிலிருந்து கைப்பேசியால் படிக்கப்படுகிறதா என்ற இரண்டையும் உறுதிசெய்யுங்கள். அந்தக் கோடு அடர்த்தியானது. திரையில் படிக்கப்பட்டது என்பதால் தெர்மல் தாளிலும் படிக்கப்படும் என்று முடிவுசெய்யக் கூடாது.

எட்டாம் படி: கைப்பேசியும் இணைப்பும்

ஆண்ட்ராய்டில் பதிப்புக்குப் பதிப்பு மாறுவது பெரும்பாலும் அனுமதிகள். புளூடூத் பிரின்டரைத் தேட, ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை இருப்பிட அனுமதி தேவைப்பட்டது. 12 முதல் புளூடூத்துக்கெனத் தனி அனுமதிகள் வந்தன. 13இலிருந்து அறிவிப்பு காட்டவும் அனுமதி கேட்க வேண்டும். பயனர் மறுத்தால் செயலி எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் சேர்த்தே சோதிக்க வேண்டும்.

பழைய கைப்பேசிகளில் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழும் தடையாகலாம். இணையதளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் மூலச் சான்றிதழை ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முந்தைய பதிப்புகள் அறியா. அவற்றுக்குக் கைகொடுத்துவந்த, வேறொரு பழைய சான்றிதழ் அமைப்பு அளித்த குறுக்குக் கையொப்பமும் 2024 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. பிரௌசரில் பக்கம் திறக்கிறது என்பதைச் செயலிக்கும் சான்றாகக் கொள்ள வேண்டாம். இரண்டும் வேறு சான்றிதழ்ப் பட்டியலைப் பார்க்கக்கூடும்.

ஒன்பதாம் படி: பழையதும் புதியதும் ஒன்றாக ஓடும் நாட்கள்

மூன்று கவுன்டர் உள்ள கடையில் மூன்று கணினிகளும் ஒரே நேரத்தில் புதிய பதிப்புக்கு மாறுவது அரிது. ஆகவே புதிய சர்வரோடு பழைய கவுன்டர், பழைய சர்வரோடு புதிய கவுன்டர் ஆகிய இரு நிலைகளிலும் பில் போட்டுப் பாருங்கள். ஓராண்டுத் தரவு நிரம்பிய ஒரு தரவுத்தள நகலை, அடையாளங்களை நீக்கிவிட்டு, மேம்படுத்தி, பிறகு பழைய பதிப்புக்குத் திரும்ப முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆடி மாதத்திலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் புதிய பதிப்பை வெளியிடாமல் இருப்பதே கடைக்கும் உங்களுக்கும் நல்லது.

பத்தாம் படி: பதிவும் மறுசோதனையும்

"நேத்து நைட்டு வரைக்கும் நல்லாத்தாம்பா ஓடிச்சு, நாங்க எதையும் தொடல" என்று கடைக்காரர் சொன்னால், அவர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். மாறியது விண்டோஸாகவோ, பிரௌசராகவோ, ஆன்டிவைரஸாகவோ இருக்கும். பிழைப் பதிவில் மென்பொருளின் பதிப்பை மட்டும் எழுதினால் போதாது. முதல் படியில் எடுத்த சூழல் விவரங்கள் அனைத்தும், கடைசி விண்டோஸ் அப்டேட் நாளும் அதில் இருக்க வேண்டும். இவற்றை மென்பொருளே ஒரு பொத்தானில் திரட்டித் தருமாறு செய்துவிட்டால், போனில் கேட்டு எழுதும் தொல்லை குறையும்.

எந்தப் பதிப்புகளில் முழு ஆதரவு, எவற்றில் பில் மட்டும் போடலாம், எவற்றில் ஆதரவு இல்லை என்று ஒரு பக்க அட்டவணை தயாரித்து, வாங்கும்போதே கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். விண்டோஸ் 7 கடைகளைக் கைவிடுவதாக முடிவெடுத்தால், நாளைக் குறிப்பிட்டு முன்கூட்டியே சொல்லுங்கள்.

விண்டோஸின் மாதாந்திர அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாயன்று வெளியாகிறது. நேர வேறுபாட்டால் நமக்கு அது இரவில் வந்து சேரும். 2021இல் பிரின்ட்நைட்மேர் என்ற பாதுகாப்புக் குறையை அடைக்க வந்த அப்டேட்டுகளுக்குப் பின், நெட்வொர்க்கில் பகிர்ந்த பிரின்டர்கள் பல இடங்களில் அச்சிட மறுத்தன. எனவே அந்தப் புதன்கிழமை காலையில், கடைகள் திறப்பதற்கு முன்பே, சோதனைக் கணினி ஒன்றைப் புதுப்பித்து, பகிர்ந்த பிரின்டர் வழியாக ஒரு தமிழ் பில்லை அடித்துப் பார்த்து, அது வராவிட்டால் அப்டேட்டை ஒத்திவைக்கச் சொல்லி எல்லாக் கடைகளுக்கும் வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்பிவிட வேண்டும்.